நெல்லைச் சீமையின் மலையடிச் சாலைகளில் சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதிகை மலையின் கீழ்ச் சரிவை ஒட்டி, செங்கோட்டையில் தொடங்கித் தெற்கே பணகுடி வரை நீளும் சாலைகளில் பல ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டி வருகிறேன். வெளியூர்களிலிருந்து வர விரும்புகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். திருநெல்வேலி என்று நான் குறிப்பிடுவது பழைய மாவட்டத்தை. 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசியும் இதில் அடங்கும்.

காட்டுக்குள்ளேயே சைக்கிள் ஓட்ட முடியுமா?

பெரும்பாலான இடங்களில் முடியாது. அது அப்படி இருப்பதுதான் சரி என்பது என் கருத்து. 1962-இல் முண்டந்துறையும் 1976-இல் களக்காடும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. 1988-இல் இரண்டையும் இணைத்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் உருவானது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அனுமதி பெறாமல் சரணாலயப் பகுதிக்குள் நுழைவதே குற்றம். வரைபடத்தில் ஒரு மண்பாதை கோடாகத் தெரிகிறது என்பதற்காக அதில் சைக்கிளை இறக்கிவிடக் கூடாது. அந்தக் கோடு வனத்துறையின் ரோந்துப் பாதையாக இருக்கும், இல்லையென்றால் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புக்குச் செல்லும் வழியாக இருக்கும்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. மற்றப் பல மலைகளில் அடிவாரக் குன்றுகளைத் தாண்டித்தான் பெருமலை கண்ணுக்குத் தெரியும். இங்கே அப்படியில்லை. நெல்வயல் முடியும் இடத்திலேயே மலை சுவர்போல எழுந்து, சில கிலோமீட்டர் தூரத்துக்குள் ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடுகிறது. பொதிகையின் சிகரமான அகத்தியர் மலையின் உச்சி 1,868 மீட்டர். அடிவாரச் சாலையில் போகிறவருக்கு முழு மலையும் ஒரே பார்வையில் கிடைக்கும்: கீழே முட்புதர்க் காடு, அதற்குமேல் இலையுதிர் காடு, உச்சியை ஒட்டி மேகத்தில் பாதி மறைந்திருக்கும் சோலைக்காடு. காட்டுக்குள் போனவருக்கு அடுத்த மரம்தான் தெரியும். ஆகவே இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் வழிகளில் கேரளத்துக்குக் கடக்கும் இரண்டு சாலைகளைத் தவிர மற்ற அனைத்தும் காட்டின் ஓரத்தில் ஓடுபவை.

மாஞ்சோலைக்குச் சைக்கிளில் ஏற ஆசை. வழி உண்டா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. மணிமுத்தாறு சோதனைச் சாவடியிலிருந்து மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஏறும் சாலை முழுவதும் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற 8,373 ஏக்கர் நிலத்தில் அமைந்த தேயிலைத் தோட்டம் அது. குத்தகைக் காலம் 2028-இல் முடிவதை முன்னிட்டு, 2024-இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டு, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் மலையை விட்டு இறங்கத் தொடங்கின. மேலே செல்ல வனத்துறையின் முன்னனுமதி வேண்டும். எத்தனை வண்டி, எந்த வகை வண்டி, எந்த நேரம் என்ற விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. அம்பாசமுத்திரத்தில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டு, எழுத்தில் அனுமதி கிடைத்தால் மட்டும் திட்டமிடுங்கள். சாவடியில் நின்று காவலரிடம் மன்றாடுவது அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் ஒரு நாள் வீண்.

அனுமதி கிடைக்காவிட்டாலும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து சிங்கம்பட்டி வழியாக மணிமுத்தாறு அணை வரை சென்று திரும்பலாம். அரை நாளில் முடியும் இந்தப் பயணம் நிறைவானது. 118 அடி அணையின் கரை சுமார் 3 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் பின்னால் மலை மடிப்பு மடிப்பாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே ஓட்டும் அந்தக் கடைசிச் சில கிலோமீட்டருக்காகவே நான் ஆண்டுக்கு இரண்டு முறையாவது அங்கே போகிறேன்.

காரையார், சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கம்?

அங்கே போகும் வழியில், பாபநாசத்துக்கு மேலே சோதனைச் சாவடி இருக்கிறது. அங்கே பைகளைத் திறந்து பார்ப்பார்கள், பிளாஸ்டிக் பொருள்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அனுமதி நேரத்தை முன்னாளே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் லட்சக்கணக்கானோர் கோயிலுக்கு வருவார்கள். அமைதி தேடி வருபவர் அந்த வாரத்தில் அந்தப் பக்கமே திரும்பக் கூடாது.

முதல்முறை வருபவர் எந்தச் சாலையில் தொடங்கலாம்?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஆழ்வார்குறிச்சி, கடையம், மத்தளம்பாறை வழியாகத் தென்காசி செல்லும் சாலையையே எப்போதும் சொல்வேன். நேராக ஓட்டினால் சுமார் 40 கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் மெல்லியது. மலை ஒரே பக்கமாக, முழு நேரமும் கூடவே வரும். இந்தச் சாலையின் சிறப்பே அதிலிருந்து மேற்கே பிரியும் சிறு கிளைகளில்தான் இருக்கிறது. ஆழ்வார்குறிச்சியில் திரும்பினால் சிவசைலம். அங்கே கோயிலை ஒட்டி ஓடும் கடனாநதியில், மழை நின்ற இரண்டு மூன்று வாரங்களுக்குத் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். கடையத்திலிருந்து மேற்கே போனால் 84 அடி ராமநதி அணை. இன்னும் வடக்கே போனால் தோரணமலை முருகன் கோயில். கடையம் செல்லம்மாள் பாரதியின் பிறந்த ஊர். புதுச்சேரியை விட்டு வந்த பாரதியார் 1918-இன் இறுதியிலிருந்து 1920 வரை இங்கேதான் இருந்தார்.

மத்தளம்பாறையை அடைந்ததும் பெரிய சாலையை விட்டுவிட்டுப் பழைய குற்றாலம் பக்கம் திரும்புங்கள். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் மாறி மாறி வரும் அந்தச் சிறு சாலை, அருவிக்கு வரும் கூட்டத்தின் இரைச்சல் காதில் விழும்வரை உங்களுக்கே சொந்தமானதுபோல் இருக்கும். சீசன் நாட்களில், அதாவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அதுவும் சனி ஞாயிறுகளில், அந்தப் பகுதி முழுவதும் கார்களால் நிறைந்துவிடும். அப்போது மத்தளம்பாறையிலிருந்து நேராகத் தென்காசிக்குப் போய்விடுவது நல்லது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய கனரக லாரிகள் இந்த வட்டாரச் சாலைகளில் ஓடுகின்றன. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் பாதி வழியைக் கடந்துவிட்டால் பெரும்பாலும் அவற்றின் தொல்லை இருக்காது.

எந்த மாதம் வரலாம்? எந்தத் திசையில் ஓட்டலாம்?

இரண்டையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் இங்கே திசையைத் தீர்மானிப்பது காற்று. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து கிழக்கே பாய்கிறது. குற்றாலச் சாரலைக் கொண்டுவருவதும், ஆலங்குளம், சுரண்டை, கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அந்தக் காற்றுதான். அந்த மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி நோக்கி எதிர்காற்றில் ஓட்டுவது மலை ஏறுவதைவிடக் கடினம். அதே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு தென்காசியிலிருந்து கிழக்கே வந்தால் கால் வலிக்காமல் ஊர் வந்து சேரலாம்.

மலையடிச் சாலையில் காற்று பக்கவாட்டில் அடிக்கும். நாம் சாலையின் இடது ஓரத்தில் ஓட்டுகிறோம். அம்பாசமுத்திரத்திலிருந்து வடக்கே போனால் மலை நமக்கு இடப்புறம் இருக்கும். அங்கிருந்து இறங்கும் காற்று நம்மைச் சாலையின் நடுவுக்கு, அதாவது வண்டிகளின் பக்கம் தள்ளும். தென்காசியிலிருந்து தெற்கே வந்தால் காற்று வலப்புறமிருந்து வந்து மண் ஓரத்துக்குத் தள்ளும். இரண்டில் இதுவே பாதுகாப்பானது. ஆகவே சாரல் மாதங்களில் தென்காசியில் தொடங்குங்கள்.

மார்கழி இறுதி முதல் மாசி வரை நிலைமை வேறு. வடகிழக்கு மழை ஓய்ந்து, குளங்கள் நிரம்பி, நெற்பயிர் பச்சையாக நிற்கும் காலம் அது. என் கணக்கில் ஆண்டின் சிறந்த பத்து வாரங்கள் அவை. அப்போது அம்பாசமுத்திரத்திலிருந்து வடக்கே ஓட்டுங்கள். காலை வெயில் மலையின் கிழக்கு முகத்தில் நேராக விழுந்து, ஒவ்வொரு பாறை மடிப்பையும் ஓடைக் கோட்டையும் தனித்தனியாகக் காட்டும். மலையும் உங்கள் இடப்பக்கத்திலேயே, எதிர்வரும் வண்டிகள் மறைக்காதபடி இருக்கும்.

பங்குனி, சித்திரையில் வெயில் கடுமையானது. பத்து மணிக்குமேல் ஓட்டாமல் இருந்தால் வரலாம்.

கேரளத்துக்குக் கடக்க ஆரியங்காவு வழியா, அச்சன்கோவில் வழியா?

அமைதிதான் நோக்கம் என்றால் அச்சன்கோவில். செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு வழியாகத் தென்மலைக்குச் செல்லும் சுமார் 30 கிலோமீட்டர் சாலை தேசிய நெடுஞ்சாலை 744-இன் பகுதி. காடும் கணவாயும் அழகானவைதான். கழுதுருட்டியில் சாலையை ஒட்டியே நிற்கும் பதின்மூன்று கண் பாலம், 1904-இல் திறக்கப்பட்ட செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதையின் அடையாளம். அதன் கருங்கல் தூண்களின் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது ஒரு தனி அனுபவம். ஆனால் புளியரை எஸ் வளைவில், சுமை லாரிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது, சைக்கிளுக்கு மிஞ்சுவது ஒரு முழ அகலமே. இந்தக் கணவாயைக் காண விரும்புகிறவர்கள் சைக்கிளைச் செங்கோட்டையில் விட்டுவிட்டுப் புனலூர் செல்லும் ரயிலில் பகலில் ஏறிக்கொள்வதே மேல். சன்னல் வழியே எல்லாம் தெரியும்.

அச்சன்கோவில் சாலை செங்கோட்டையிலிருந்து பண்பொழி, மேக்கரை வழியாகச் செல்கிறது. பண்பொழியில் திருமலைக்குமாரசாமி கோயில் குன்றின்மேல் தெரியும். மேக்கரைக்கு அருகில் 132 அடி அடவிநயினார் அணை. அதுவரை வயலும் தோப்பும்தான். அதன் பிறகு கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கி, சாலை காட்டுக்குள் நுழைகிறது. ஏற்றம் நீண்டதல்ல, ஆனால் சில வளைவுகளில் செங்குத்தானது. மேலே ஏறி எல்லையைத் தாண்டியதும் காற்றே மாறிவிடும். இந்தப் பக்கத்து வறண்ட முள்வாசம் போய், ஈரமண்ணும் அழுகிய இலையும் கலந்த மணம் வரும். கும்பாவுருட்டி அருவி வழியில் இருக்கிறது. அச்சன்கோவில் வரை மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர். அங்கே தர்மசாஸ்தா கோயிலைச் சுற்றி டீக்கடைகளும் எளிய சாப்பாட்டுக் கடைகளும் உண்டு.

அச்சன்கோவிலிலிருந்து அலிமுக்கு நோக்கிச் செல்லும் சாலை இதைவிட அடர்ந்த காட்டின் வழியாகச் செல்கிறது. யானை நடமாட்டம் மிகுந்த வழி. முன்னனுபவம் உள்ளவர்கள், இரண்டு மூன்று பேராக, காலையில் மட்டும் போகலாம். மற்றவர்கள் வந்த வழியே செங்கோட்டைக்குத் திரும்புவது நல்லது. கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் இரண்டு வழிகளிலும் இரவு பகலாக ஓடும் என்பதால், அந்த இரண்டு மாதங்களில் இந்தப் பயணத்தையே நான் தவிர்க்கிறேன்.

தெற்கே களக்காடு, திருக்குறுங்குடி பக்கம் எப்படி?

வடக்கைவிட ஆள் நடமாட்டம் குறைவு, நிழலும் குறைவு. சேரன்மகாதேவியிலிருந்து களக்காடு வழியாகத் திருக்குறுங்குடிக்குச் சென்று ஏர்வாடி பக்கம் இறங்கலாம். களக்காட்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஏத்தன் வாழைத் தோட்டங்கள். களக்காட்டில் தலையணை என்ற அணைக்கட்டுப் பகுதியும், திருக்குறுங்குடிக்கு மேலே மலைக்குள் இருக்கும் மலைநம்பி கோயிலும் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளவை. சைக்கிளை அடிவாரத்தில் விட்டுவிட்டு, அனுமதிக்கும் நேரத்தில் போய் வரலாம். நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்றான திருக்குறுங்குடி ஊருக்குள்ளேயே ஒரு மாலை முழுவதையும் செலவிடலாம். மாடவீதிகளில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பது எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனி, ஆடியில் பணகுடிக்குத் தெற்கே போக வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று சைக்கிளோடு ஆளையும் சாய்த்துவிடும்.

கால்வாய்க் கரைகளிலும் குளத்துக் கரைகளிலும் ஓட்டலாமா?

ஓட்டலாம். இந்தச் சீமையின் உண்மையான அமைதி அங்கேதான் கிடைக்கும். தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களின் கரையோரமாகப் பல இடங்களில் மண்பாதையோ குறுகிய தார்ச்சாலையோ செல்கிறது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து வீரவநல்லூர் வழியாகச் சேரன்மகாதேவி வரை கன்னடியன் கால்வாயை ஒட்டி ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் நீர் மெதுவாக உங்களோடு வரும், மறுபக்கம் வயல். படித்துறையில் துவைத்துக்கொண்டிருப்பவர்கள் தலை நிமிர்ந்து பார்த்து, "எங்கிருந்து வாரீய?" என்று கேட்பார்கள். நின்று பதில் சொல்லுங்கள். அடுத்த மடை உடைந்து கிடக்கிறதா, கரையில் வழி இருக்கிறதா என்பதெல்லாம் வரைபடத்துக்குத் தெரியாது, அவர்களுக்குத்தான் தெரியும்.

அறுவடைக் காலத்தில் கரைப்பாதையில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அப்போது இறங்கி, ஓரமாக உருட்டிக்கொண்டு போக வேண்டும். மழைக்குப் பிந்திய ஒரு வாரத்துக்குக் கரைமண் களிபோல் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். அந்த வாரம் தார்ச்சாலையே போதும்.

யானை, கரடி, சிறுத்தை எதிர்ப்பட்டால் என்ன செய்வது?

சைக்கிளின் பெருமையாக நாம் சொல்லும் ஓசையின்மைதான் இங்கே அதன் ஆபத்தும்கூட. மோட்டார் வண்டியின் சத்தத்தைத் தொலைவிலேயே கேட்டு விலங்கு விலகிவிடும். சைக்கிள் வருவது அதற்குத் தெரிவதில்லை. வளைவில் திரும்பியதும் இரண்டு தரப்பும் ஒரே நொடியில் திடுக்கிடுகின்றன. கரடி பெரும்பாலும் அப்படித் திடுக்கிட்டால்தான் தாக்கும். ஆகவே புதர் மறைக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் மணி அடியுங்கள், சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள். யானை விஷயம் வேறு. யானையைக் காண்பதற்கு முன் மணி அடிக்கலாம், கண்ட பிறகு அடிக்கக் கூடாது. நின்று, சத்தமில்லாமல் சைக்கிளைத் திருப்பி, வந்த வழியே கண்ணுக்கு மறையும்வரை போய்விட வேண்டும். படம் எடுக்க நிற்பது மிகப் பெரிய தவறு.

ஒரு பங்குனி மாலை, கடையத்துக்கு வடக்கே ஒரு குளத்துக் கரையில் காற்றடித்துக்கொண்டிருந்தேன். புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட்டில் வந்த பெரியவர் வண்டியை நிறுத்தி, "அண்ணாச்சி, அஞ்சு மணிக்கு மேல இந்தப் பக்கம் நிக்காதீய. இலுப்பப்பூ உதிருத நேரம், கரடி வந்துரும்" என்றார். அவர் கைகாட்டிய இடத்தில், இருபது அடி தூரத்தில், ஒரு கரையான் புற்று பாதியாகப் பிளந்து கிடந்தது. பிளந்த மண் இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. நகக் கீறல்கள் நான்கைந்து, விரல் நுழையும் ஆழத்துக்கு, இணையாக ஓடின. அரை மணி நேரமாக அதே இடத்தில் உட்கார்ந்து நான் பஞ்சர் ஒட்டியிருக்கிறேன்.

அன்றிலிருந்து நான் மாற்றாத விதி ஒன்று உண்டு: மாலை நான்கரைக்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும். மலையடியில் பொழுது முன்னதாகவே சாயும். மார்கழி மாதத்தில் சூரியன் மலைமுகட்டுக்குப் பின்னால் இறங்கியதும், சமவெளியில் வெயில் இருக்கும்போதே அடிவாரம் நிழலில் மூழ்கிவிடும். விலங்குகள் தோட்டங்களை நோக்கி இறங்குவதும் அந்த நேரத்தில்தான். வடகரை, மேக்கரை, கடையம் பக்கத்துத் தோட்டங்களில் யானைகள் வாழையையும் தென்னையையும் சாய்ப்பது அடிக்கடி நடப்பது. தோப்புகளைச் சுற்றி மின்வேலி போட்டிருப்பார்கள், எந்த வேலியையும் தொடாதீர்கள். சிறுத்தை பெரும்பாலும் கண்ணில் படாது.

நடைமுறையில் இவை எல்லாவற்றையும்விட அதிகமாகத் துரத்துபவை ஊர் நாய்கள். வேகமெடுக்காமல் இறங்கிவிடுங்கள். சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு பத்தடி நடந்தால் அது ஆர்வம் இழந்துவிடும்.

மழையிலும் அருவிகளிலும் எதைக் கவனிக்க வேண்டும்?

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே காட்டில் பெருமழை பெய்துகொண்டிருக்கலாம். நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் சேர்ந்தவை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென இறங்கிய வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு, பல ஊர்களுக்கான சாலைகள் துண்டிக்கப்பட்டன. சாலையின் குறுக்கே ஓடும் ஓடையில் தண்ணீர் கலங்கலாகிறது, சருகும் குச்சியும் மிதந்து வருகின்றன என்றால் உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் போனால், முழங்காலுக்குக் கீழே இருந்தாலும், சைக்கிளோடு இறங்கக் கூடாது. நீர் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும்போது பிடிமானம் என்று எதுவும் இருக்காது.

எப்படிப்பட்ட சைக்கிள் வேண்டும்?

விலை உயர்ந்தது தேவையில்லை. மலையடிச் சாலைகளுக்குச் சாதாரண கியர் சைக்கிளே போதும், சமவெளிக் கால்வாய்க் கரைகளுக்குக் கியர் இல்லாத பழைய சைக்கிளும் போதும். அச்சன்கோவில் ஏற்றத்துக்கு மட்டும், முன்னால் உள்ள சிறிய பல்சக்கரமும் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரமும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கைப் பற்கள் கொண்டவையாக இருந்தால், சுமையோடும் உட்கார்ந்தபடியே ஏறலாம். டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ரிம் பிரேக் உள்ளவர்கள் இறக்கத்தில் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமல், விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். மழையில் ரிம் நனைந்திருந்தால் முதல் இரண்டு சுற்றுக்குப் பிரேக் பிடிக்கவே பிடிக்காது.

பஞ்சர் ஆனால்?

கட்டாயம் ஆகும். காரணம் சீமைக்கருவேல முள். குளத்துக் கரைகளில் வெட்டிப்போட்ட கிளைகளின் முள் காய்ந்து ஆணிபோல் நிற்கும். டியூபை மட்டும் ஒட்டிவிட்டு மாட்டினால், பத்தாவது நிமிடத்தில் மறுபடியும் காற்று இறங்கும், ஏனெனில் முள்ளின் முனை ஒடிந்து டயருக்குள்ளேயே தங்கியிருக்கும். டயரின் உட்புறத்தைக் கைக்குட்டையால் மெதுவாகத் துடையுங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கிறது. அதை வெளியிலிருந்து இழுத்தால் வராது. உள்ளிருந்து நகவெட்டியால் பிடித்து இழுக்க வேண்டும். என் பையில் நகவெட்டி இருப்பது இதற்காகவே.

சிற்றூர்களில் இன்றும் நல்ல சைக்கிள் கடைகள் உள்ளன, வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் பிரெஸ்டா எனப்படும் மெல்லிய வால்வுக்கு ஏற்ற பம்ப் அங்கே இருக்காது, 700 அளவு டியூபும் கிடைப்பது அரிது. மாற்று டியூப் இரண்டு, ஒட்டும் பொருள்கள், கைப்பம்ப், வால்வுக்கான சிறு பித்தளை அடாப்டர் ஆகியவற்றை ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள்.

சென்னையிலிருந்து சைக்கிளை ரயிலில் கொண்டு வரலாமா?

வரலாம். பயணச்சீட்டைக் காட்டி, நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து, லக்கேஜ் பெட்டியில் ஏற்ற வேண்டும். புறப்படும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுவது நல்லது. பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டி, செயின் பக்கத்துக்கு அட்டை வைத்துச் சுற்றுங்கள். ஒருமுறை இதைச் செய்யாமல் ஏற்றி, பின்கியர் கொக்கி வளைந்த நிலையில் சைக்கிளைப் பெற்றுக்கொண்டேன். பொதிகை எக்ஸ்பிரஸ் செங்கோட்டையிலும் நெல்லை எக்ஸ்பிரஸ் திருநெல்வேலியிலும் பயணத்தை முடிப்பவை. கடைசி நிலையம் என்பதால் இறக்க அவசரம் இல்லை. இரண்டு நிமிடம் மட்டும் நிற்கும் இடை நிலையங்களுக்குச் சைக்கிளைப் பதிவு செய்ய வேண்டாம்.

திருநெல்வேலி–செங்கோட்டை ரயில் பாதை சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழக்கடையம், பாவூர்சத்திரம், தென்காசி என்று நம் வழிக்குப் பக்கத்திலேயே செல்கிறது. உடல் முடியாமல் போனால் சைக்கிளை அருகில் உள்ள ஊரில் பத்திரமாக வைத்துவிட்டு, பாசஞ்சர் ரயிலில் திரும்பி, மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும்?

குற்றாலம், தென்காசி, அம்பாசமுத்திரம், பாபநாசம் ஆகிய இடங்களில் விடுதிகள் உண்டு. சாரல் சீசனும் ஐயப்ப சீசனும் தவிர்ந்த நாட்களில் குற்றாலத்தில் அறை வாடகை நன்றாகக் குறைந்துவிடும். சைக்கிளை அறைக்குள் வைக்க அனுமதிப்பார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் தரைத்தளத்தில் ஓர் அறை கொடுத்துவிடுவார்கள். காட்டோரத்தில் கூடாரம் போடுவது கூடவே கூடாது.

காலையில் ஆறு மணிக்கே ஒவ்வொரு ஊரிலும் இட்லிக் கடை திறந்திருக்கும். பங்குனி முதல் ஆனி வரை சாலையோரத்தில் நுங்கும் பதநீரும் கிடைக்கும். தை மாதத்தில் பனங்கிழங்கு கிடைக்கும், அவித்த கிழங்கு இரண்டு சட்டைப் பையில் இருந்தால் மதியம் வரை பசிக்காது. மாலையில் செங்கோட்டைக்கு அருகே முடிப்பவர்கள் பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடாமல் போகமாட்டார்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடைகளில் கேட்டால் நிரப்பித் தருவார்கள், சோதனைச் சாவடியிலும் தடை இருக்காது.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம்?

ஐம்பது. நூறு ஓட்டும் உடல்வலு இருந்தாலும் ஐம்பதுதான் சொல்வேன். சிவசைலத்தில் ஒரு மணி நேரம், ராமநதி அணையில் அரை மணி நேரம், வழியில் மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு எங்கோ ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்த நேரம் என்று எல்லாம் சேர்ந்தால் ஐம்பது கிலோமீட்டருக்கே பொழுது சரியாகிவிடும். வரைபடத்தைக் கைப்பேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேக்கரையைத் தாண்டிய ஏற்றத்தில் சிக்னல் கிடைக்காது. எப்போது திரும்புவீர்கள் என்று அடிவாரத்து டீக்கடையில் சொல்லிவிட்டு ஏறுங்கள்.